எழுத்துக்கு விடுதலை தேடிய குரு

அரசின் செயலைக் குறைகூறும் கட்டுரையொன்று செய்தித்தாளில் வெளிவருமாயின், இன்று அதனைக் கண்டு எவரும் வியப்பதில்லை. 'இவ்வரி தவறு, இச்சட்டம் தீது' என்று எழுதுவோர் எழுதுகின்றனர், படிப்போர் படிக்கின்றனர். ஆனால், ஒரு நூலை அச்சேற்றுமுன் அதன் ஒவ்வொரு வரியையும் அரசின் அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்து, 'இது வெளிவரலாம்' என்று ஒப்பமிட வேண்டியிருந்த காலமும் ஒன்று உண்டு. அவர் அடித்த வரி அடித்ததே. அவர் மறுத்த நூல் மறுக்கப்பட்டதே. இத்தடையை நீக்கி, எழுத்துரிமைக்கெனத் தனிச் சட்டம் ஒன்றை உலகில் முதன்முதலாக இயற்றிய நாடு சுவீடன். அச்சட்டம் 1766ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பிறந்தது. அது பிறக்கப் பெரிதும் உழைத்தவர் புகழ்பெற்ற பிரபுவும் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர், ஒரு சிற்றூர்த் திருக்கோவிலின் துணைக் குருவாக இருந்தவர். அவர் பெயர் ஆண்டர்ஸ் சிடேனியஸ்.

இன்று தனி நாடாக விளங்கும் பின்லாந்து, அந்நாளில் சுவீடனின் ஒரு பகுதியாக இருந்தது. அப்பகுதியில் உள்ள சோட்காமோ என்னும் ஊரில், 1729ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26ஆம் நாள் சிடேனியஸ் பிறந்தார். அவர் தந்தை யாக்கோபு சிடேனியசும் லூத்தரன் திருச்சபையின் குருவே. குடும்பம் சோட்காமோவிலிருந்து இன்னும் வடக்கே, குவுசாமோ என்னும் ஊருக்குச் சென்று குடியேறியது. அங்கு மாரிக்காலம் நெடியது, வேனிற்காலம் குறுகியது. எங்கும் காடும் ஏரியும் சதுப்பு நிலமுமே காட்சியளிக்கும். விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளில் ஏழை மக்கள் பைன் மரப்பட்டையின் உட்பகுதியை உலர்த்தி இடித்து மாவோடு கலந்து உண்பர். அத்தகைய வறிய நிலத்தில், எளிய மக்களின் நடுவே வளர்ந்தமையால், அவர்தம் துன்பம் சிடேனியசின் உள்ளத்தில் இளமையிலேயே பதிந்துவிட்டது.

1745ஆம் ஆண்டில் அவர் துர்க்கு நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் உப்சாலாப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். சமய நூல்களோடு கணக்கும் இயற்கை அறிவியலும் கற்றார். வட அமெரிக்காவில் பயணம் செய்து திரும்பிய பேர் கால்ம் என்னும் அறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அமெரிக்கப் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டையால் ஓடம் செய்யும் முறையைப் பற்றிச் சிடேனியஸ் 1753ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பட்டம் பெற்றார். சமயப் பணிக்குச் செல்லும் இளைஞர் ஒருவர் ஓடம் கட்டும் கலையை ஆராய்ந்தது விந்தையாகத் தோன்றலாம். மக்களின் உழைப்பும் பிழைப்பும் எப்பொழுதும் அவர் கருத்தைக் கவர்ந்தன என்பதற்கு அஃது ஒரு சான்றாகும்.

அதே ஆண்டில் அலவேத்தெலி என்னும் சிற்றூரின் கோவிலுக்கு அவர் துணைக் குருவாக அமர்த்தப்பட்டார். ஊதியம் சிறிது, வேலையோ பெரிது. அவர் சதுப்பு நிலத்தை வடித்து விளைநிலம் ஆக்கினார். புதிய பயிர்களையும் கால்நடை வகைகளையும் தம் நிலத்தில் வளர்த்துப் பார்த்து, நல்லனவற்றை ஊரார்க்குக் காட்டினார். அருகில் மருத்துவர் இல்லாமையால் தாமே மருந்துகள் செய்து வழங்கினார். கண்புரைக்கு அறுவை மருத்துவம் செய்தார். பெரியம்மை வாராமல் காக்க அம்மை குத்தினார். 1755ஆம் ஆண்டில் பேட்டா மக்தலேனா மெல்பெர்க் என்னும் வணிகர் மகளை மணந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை.

அப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஊன்றுகோலாக இருந்தது தார். இதனைக் கீல் என்றும் கூறுவர். மரக்கலங்களின் பலகைகளிலும் கயிறுகளிலும் தார் பூசாவிடில் அவை கடல்நீரில் விரைவில் மட்கிவிடும். ஆதலின் கப்பற்படை வைத்திருந்த நாடுகள் யாவும் தாரை விரும்பி வாங்கின. அதனைச் செய்வதோ அரிய வேலை. உழவர்கள் பைன் மரத்தின் பட்டையைச் சீவிச் சில ஆண்டுகள் விட்டுவைப்பர். மரத்தில் பிசின் ஊறிய பின்னர் அதனை வெட்டிப் பிளந்து, புனல் வடிவான பெரிய குழியில் அடுக்கி, புல்மண்ணால் மூடி, நெருப்பு மூட்டுவர். தீ கொழுந்துவிட்டு எரிந்தால் தார் கெட்டுவிடும். அணைந்தாலும் வேலை கெடும். இரவும் பகலும் பல நாள் காத்திருந்து, குழியின் அடியில் வடியும் தாரைப் பீப்பாய்களில் பிடிப்பர்.

இத்துணை உழைப்பின் பயன் உழைத்தவர்க்கு முழுமையாகக் கிட்டவில்லை. பொத்னியா வளைகுடாவின் கரையிலுள்ள நகரங்கள் அயல்நாடுகளோடு நேரே வாணிகம் செய்தல் கூடாது என்று சட்டம் தடுத்தது. கொக்கோலா முதலிய துறைமுகங்களில் கப்பல்கள் இருந்தன, கடல் திறந்து கிடந்தது, வாங்குவோரும் இருந்தனர். எனினும் தாரைத் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்கே பெரும்பாலும் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. அங்குள்ள பெருவணிகர் குறைந்த விலைக்கு வாங்கி, அயல்நாட்டார்க்கு மிகுந்த விலைக்கு விற்றனர். மீனையும் இறைச்சியையும் பதப்படுத்தும் உப்போ அயல்நாட்டிலிருந்து வருவது. அதுவும் தலைநகர் வழியாகவே விலையேறி வந்தது. விற்கும்போது ஓர் இழப்பு, வாங்கும்போது ஓர் இழப்பு என இருமுறை இழந்தனர் அம்மக்கள்.

இக்கொடுமையைக் கண்ட சிடேனியஸ் வாளா இருக்கவில்லை. 1763ஆம் ஆண்டில் கொக்கோலாவில் கூடிய கூட்டத்தில், வாணிக உரிமை வேண்டி உறுதியோடு பேசினார். இதன் பயனாக, 1765ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் கூடியபோது அவர் உறுப்பினராக அனுப்பப்பட்டார்.

அந்நாளில் சுவீடனில் மன்னர் பெயரளவில் ஆண்டார். அதிகாரம் நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. அம்மன்றம் பிரபுக்கள், குருமார், நகரத்தார், உழவர் என நான்கு அவைகளை உடையது. அதில் இரு கட்சிகள் மாறி மாறி மேலோங்கின. ஒரு கட்சியினர் படைத்தலைவர் அணியும் மிடுக்கான தொப்பியைத் தம் அடையாளமாகக் கொண்டு, 'தொப்பிக் கட்சியினர்' எனப்பட்டனர். அவர்கள் தம் எதிரிகளை, இரவிற் குல்லாய் அணிந்து உறங்கும் சோம்பேறிகள் என்று எள்ளினர். அவ்வேளனமே 'குல்லாய்க் கட்சி' என்று பெயராக நிலைத்துவிட்டது. நெடுங்காலம் ஆண்ட தொப்பிக் கட்சியை வென்று, 1765ஆம் ஆண்டில் குல்லாய்க் கட்சி ஆட்சியைப் பற்றியது. குருமார் அவையில் அமர்ந்த சிடேனியஸ் இவ்வெற்றி பெற்ற கட்சியைச் சார்ந்து நின்றார்.

தலைநகர்க்குப் புதியவராகிய அவர், முப்பத்தாறு அகவையில் ஓராண்டுக்குள் செய்த வேலை வியக்கத்தக்கது. முதலில், தாம் வந்த கருமத்தை முடித்தார். கொக்கோலா, வாசா, ஓவுலு, போரி ஆகிய நகரங்களுக்கு அயல்நாட்டு வாணிக உரிமை கிடைத்தது. அடுத்து, அயல்நாட்டுக் கப்பல்கள் தத்தம் நாட்டுப் பொருள்களையன்றிப் பிறவற்றைச் சுவீடனுக்குக் கொண்டுவருதல் கூடாதென்று 1724ஆம் ஆண்டு முதல் நிலவிய ஆணையை எதிர்த்து ஒரு நூல் எழுதினார். இவ்வாணையால் சில கப்பல் முதலாளிகள் செழிக்கின்றனர். நாடோ மெலிகின்றது என்று அவர் காட்டினார். 'நாட்டின் ஆதாயம்' என்னும் சிறு நூலையும் அதே ஆண்டில் வெளியிட்டார். சிலர்க்கு மட்டும் தனிச் சலுகை வழங்கி, பிறரைத் தடுத்து நிறுத்தும் சட்டங்களை நீக்கிவிட்டால், ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற தொழிலைத் தாமே தேடிக்கொள்வர். அவரவர் நலம் பெருக, நாட்டின் நலமும் பெருகும் என்பது அந்நூலின் கருத்து. இதே கருத்தை விரித்துரைத்து உலகப் புகழ் பெற்ற ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' என்னும் நூல் 1776ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதற்குப் பதினோராண்டுகள் முன்னரே, வடகோடிச் சிற்றூர்க் குரு ஒருவர் அதனை எழுதிவிட்டார் என்பது எண்ணத்தக்கது.

எனினும், இவை யாவற்றினும் மேலானதாக அவர் கருதியது எழுத்துரிமையே. மூடிய கதவுகளின் பின்னே அலுவலகங்கள் இயங்கின. எவ்வளவு பணம் எங்குச் செலவாயிற்று, எந்த வழக்கில் யார் எவ்வாறு தீர்ப்பளித்தார் என்பதைக் குடிமக்கள் அறிய வழி இல்லை. அறியாதவர் எவ்வாறு குறையைச் சுட்டுவர்? சுட்டிக்காட்டப்படாத குறையை மன்றம் எவ்வாறு திருத்தும்? ஆதலின் எழுத்துரிமை இல்லாத நாட்டில் வேறெந்த உரிமையும் நிலைக்காது என்று அவர் வாதிட்டார்.

'கண்டவர் எல்லாம் கண்டதை எழுதினால் பொய்யும் பழியும் பெருகுமே' என்று அஞ்சியோர் அன்றும் இருந்தனர். அதற்கும் அவர் விடை கூறினார். பொய்யை எழுதியவனுக்கு மறுப்பு எழுத அடுத்தவனுக்கும் உரிமை உண்டாயின், பொய் தானே வெளிப்பட்டு நாணும். மறுக்க வழியில்லாத இடத்தில்தான் பொய் செல்வாக்குப் பெறும் என்பதே அவர் விடையின் சாரம். இவ்வுரிமையைப் பற்றி ஆராய அமைந்த குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அதன் அறிக்கையை உருவாக்குவதில் அவர் பெரும்பங்கு கொண்டு உழைத்தார்.

இந்நிலையில் எதிர்பாராத இடையூறு ஒன்று நேர்ந்தது. தொப்பிக் கட்சியின் ஆட்சியில் தாள் நாணயம் அளவின்றி அச்சிடப்பட்டமையால் பணத்தின் மதிப்பு தாழ்ந்திருந்தது. குல்லாய்க் கட்சியார் அதனைப் பழைய மதிப்புக்கே உயர்த்தக் கருதி, அதற்குரிய முடிவையும் மேற்கொண்டனர். இது கேட்க நன்றாயிருப்பினும், கடன் பட்டவரையும் தொழில் செய்வோரையும் நசுக்கிவிடும் என்று சிடேனியஸ் கண்டார். தாழ்ந்த பணத்தைக் கடன் வாங்கியவன், உயர்ந்த பணத்தைத் திருப்பித் தரவேண்டி வருமன்றோ? நடைமுறையில் உள்ள மதிப்பையே நிலைநிறுத்த வேண்டும் என்று அவர் ஒரு நூல் எழுதி வெளியிட்டார்.

அது தம் கட்சியின் முடிவையே தாக்கிய நூல். எழுதாமல் இருந்திருந்தால் அவருக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பதவியும் செல்வாக்கும் நிலைத்திருக்கும். ஆனால் உண்மை என்று கண்டதை, அது தம்மவர்க்குக் கசக்கும் என்பதற்காக மறைப்பது அவர்க்கு இயலவில்லை. கட்சியினர் சினந்தனர். மன்றம் முடிவு செய்த ஒன்றை எதிர்த்து எழுதினார் என்ற குற்றத்திற்காக, 1766ஆம் ஆண்டு கோடையில் குருமார் அவை அவரை வெளியேற்றியது. அடுத்த நாடாளுமன்றத்திலும் அவர் அமர்தல் கூடாது என்று தடை விதித்தது.

சில திங்கள் கழிந்தன. டிசம்பர் 2ஆம் நாள், மன்னர் அடால்ப் பிரெடரிக்கின் பெயரால் எழுத்துரிமைச் சட்டம் வெளியாயிற்று. நூல்களை முன்கூட்டியே தணிக்கை செய்யும் முறை ஒழிந்தது. சமய நூல்களுக்குரிய தணிக்கை மட்டும் நீடித்தது. அரசமைப்பைத் தாக்குவதும் மன்னரை இழித்துரைப்பதும் குற்றமாகவே இருந்தன. எனினும் மற்றைப் பொருள்களைப் பற்றித் தடையின்றி எழுதலாம் என்றாயிற்று. இன்னும் ஒரு புதுமையும் அதில் இருந்தது. அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் உள்ள ஏடுகளைக் குடிமக்கள் கேட்டுப் பெறலாம், படியெடுக்கலாம், அச்சிடவும் செய்யலாம் என்று அச்சட்டம் கூறியது. ஆட்சி எவ்வாறு நடக்கின்றது என்பதை அறிதல் குடிமக்களின் உரிமை என்று ஒரு நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது அதுவே முதன்முறை.

அச்சட்டம் பிறந்த நாளில், அதற்காக உழைத்தவர் மன்றத்தில் இல்லை. எழுதியதற்காகத் தண்டனை பெற்று, அவர் தம் ஊருக்குத் திரும்பியிருந்தார். இதனைவிடத் துயரமான முரண்பாடு வேறில்லை. ஆயினும், எழுத்துரிமைச் சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு இதனைவிட வலிய சான்றும் வேறில்லை. அவர் எச்சரித்தவாறே, நாணய மதிப்பை உயர்த்தும் முயற்சியால் வாணிகம் தளர்ந்தது; மக்கள் இடருற்றனர். 1769ஆம் ஆண்டில் குல்லாய்க் கட்சி ஆட்சியை இழந்தது.

1770ஆம் ஆண்டில் சிடேனியஸ் கொக்கோலாவின் தலைமைக் குருவானார். நல்ல வருவாயும் மதிப்பும் உள்ள பதவி அது. வாழ்வு வளமுற்றதும் பழைய கொள்கைகளை மறப்போர் உலகில் பலர். அவர் மறக்கவில்லை. அந்நாட்டில் நிலமோ தொழிலோ இல்லாதவர்கள் யாரேனும் ஒரு தலைவரிடம் ஆண்டு முழுவதும் பணியாளாகச் சேரவேண்டும் என்று சட்டம் வற்புறுத்தியது. ஊதியத்திற்கும் உச்ச அளவு இருந்தது. இதனை எதிர்த்து 1778ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் எழுதினார். பணியாளும் மனிதனே, தன் உழைப்பை யாருக்கு, என்ன ஊதியத்திற்குத் தருவது என்று முடிவு செய்வது அவனது பிறப்புரிமை என்று அதில் வாதாடினார். அவரோ பணியாட்களை வைத்திருந்த தலைவர் கூட்டத்தைச் சேர்ந்தவர். தம் இனத்தாரின் நலனுக்கு மாறாகவே அவர் பேசினார்.

அதே ஆண்டில் அவர் மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். லூத்தரன் சமயம் ஒன்றையே ஏற்றுக்கொண்டிருந்த அந்நாட்டில், வேறு சமயத்தார் வந்து குடியேறித் தம் முறைப்படி வழிபட உரிமை வேண்டும் என்று 1779ஆம் ஆண்டில் கோரினார். குருமார் அவை கொதித்தெழுந்தது. குரு ஒருவரே இவ்வாறு பேசலாமா என்று பலர் வெகுண்டனர். எனினும் மற்றை மூன்று அவைகளும் இசைந்தன. 1781ஆம் ஆண்டில் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் சமயப் பொறை ஆணையைப் பிறப்பித்து, வந்து குடியேறும் பிற கிறித்தவப் பிரிவினர்க்கு வழிபாட்டு உரிமை வழங்கினார்.

எழுத்துரிமைச் சட்டத்தின் வரலாறு நேரியதாக அமையவில்லை. இதே குஸ்தாவ் மன்னர் 1772ஆம் ஆண்டில் ஆட்சி அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். 1774ஆம் ஆண்டில் எழுத்துரிமையைச் சுருக்கினார். பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வுரிமை மீண்டும் தளிர்த்தது. விதை மிதிபட்டது, ஆனால் மடியவில்லை. இன்றும் எழுத்துரிமைச் சட்டம் சுவீடனின் அடிப்படைச் சட்டங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. அரசின் ஏடுகளைக் குடிமக்கள் கேட்டறியும் உரிமையைப் பிற நாடுகளும் ஒவ்வொன்றாக ஏற்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1966ஆம் ஆண்டிலும், இந்தியா 2005ஆம் ஆண்டிலும் அதற்கெனச் சட்டம் இயற்றின.

சிடேனியஸ் 1803ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் கொக்கோலாவில் காலமானார். ஆறாண்டுகளுக்குப் பின், 1809ஆம் ஆண்டில், பின்லாந்து சுவீடனிலிருந்து பிரிந்தது. ஆயினும் இரு நாட்டாரும் அவரைத் தம்மவர் என்று போற்றுகின்றனர். பின்லாந்து 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆயிரம் மார்க்கு நாணயத்தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில், சட்டத்தின் இருநூற்றைம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, உலக எழுத்துரிமை நாள் விழா பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் நிகழ்ந்தது.

தமக்கு வேண்டிய உரிமையைக் கேட்போர் எங்கும் உளர். பிறர்க்கு வேண்டிய உரிமையைக் கேட்போர் சிலரே. சிடேனியஸ் தலைவர் கூட்டத்தில் இருந்துகொண்டு பணியாளர்க்காகப் பேசினார். குருவாக இருந்துகொண்டு வேற்றுச் சமயத்தார்க்காகப் பேசினார். ஆளுங்கட்சியில் இருந்துகொண்டு ஆட்சியின் பிழையை எடுத்துரைத்தார். அதற்குரிய விலையையும் மனமுவந்து கொடுத்தார். அஞ்சாமல் எழுதப்படும் ஒவ்வொரு வரியிலும் அவர் உழைப்பின் பயன் சிறிதேனும் கலந்துள்ளது எனலாம்.